வாசலும் புல்தரையும்: எங்கள் வீட்டு முன்பக்கத்துக்கு ஒரு விமர்சனம்

பழைய வரைபடம், ஊர்ப்பெயர், கல்வெட்டு என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் இங்கே குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை எங்கள் வீட்டு வாசலைப் பற்றி. புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், வாசலுக்கு எழுதினால் என்ன? இதில் ஒரு வசதியும் உண்டு. காசு கொடுத்து அதைச் செய்ய வைத்தவன் நான்தான் என்பதால், திட்டினாலும் வேறு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வீடு கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டுப் பக்கம். வானம் தெளிவாக இருக்கிற காலையில் மொட்டை மாடியில் நின்றால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். எங்கள் ஊர் வாயில் அது கல்ராயன் மலை. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை, வீட்டில் அம்மா மட்டும். கேட்டுக்கும் திண்ணைக்கும் நடுவில் 30 அடிக்கு 40 அடி, ஆக 1,200 சதுர அடி மண்தரை. ஒரு ஓரம் வேப்பமரம், ஒரு ஓரம் துணி துவைக்கிற கல். நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் வாசல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்தியானது. விடியற்காலை அவ்வளவு இடத்தையும் கூட்டித் தண்ணி தெளிக்க முடியவில்லை. “புல்லு போட்டுடலாம்மா, கூட்டவே வேணாம்” என்றேன். தோட்டம் அமைத்துத் தருகிறவர் ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். நாலு நாளில் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த முப்பரிமாணப் படம். 900 சதுர அடிக்குப் புல், நடுவில் வளைந்து போகிற கல்பாதை, ஓரத்தில் குட்டை குட்டையாகச் செடிகள். பார்த்ததுமே சரி என்று சொல்லிவிட்டேன்.

விமர்சனத்தை அந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அப்போது நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் அதில் மனுஷர்களே இல்லை. செருப்பு இல்லை, கொடிக்கயிறு இல்லை, வாளி இல்லை, கோலம் இல்லை. வேப்பமரமும் இல்லை, நிழல் விழுந்தால் புல் வராது என்று எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், படம் எந்த இடத்தில் நின்று பார்ப்பதுபோல் வரையப்பட்டிருக்கிறது என்பது. கேட்டுக்கு வெளியே, ரோட்டில். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் இந்த வாசல் எப்படித் தெரியும் என்று யாரும் வரையவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கே உட்காரப் போகிறவர் அம்மா. படம் வரைந்தது ரோட்டில் போகிறவருக்காக.

புல் வந்து இறங்கியது. அம்மாவுக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. “பச்சைப் பாயை விரிச்சாப்பல இருக்குப்பா” என்றார். புழுதி அடங்கியது. கூட்டுகிற வேலை போனது. லீவுக்கு வந்த என் மகள் ஒரு நாள் முழுக்க அதில் உருண்டாள்.

ஆறு மாசம் கழித்து ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: “வாசல் நல்லாத்தாம்பா இருக்கு. ஆளுதான் வரதில்ல.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. எதிர்வீட்டு அக்கா மிளகாய் காயவைக்க எங்கள் வாசலுக்குத்தான் வருவார். பின்தெருவில் இருக்கிற பெரியம்மா மாசி, பங்குனியில் அம்மாவோடு சேர்ந்து வடகம் பிழிவார். நெல் அவித்தாலும், உளுந்து புடைத்தாலும், புளி கொட்டை எடுத்தாலும் இடம் எங்கள் வாசல். வேலைக்கு வந்தவர்கள் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார்கள். புல்லின் மேல் மிளகாயைக் காயவைக்க முடியாது. தோட்டக்காரரும் மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டருகே நின்று, “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அப்படியே போய்விட்டார்கள். கூட்டுகிற வேலையை எடுக்கிறேன் என்று அம்மாவுக்கு இருந்த பேச்சுத்துணையையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் இந்தப் புல்தரை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். எது கண்ணில் பட்டாலும் அதன் மூலத்தைத் தேடுவது என் வழக்கம், வியாதி என்றும் சொல்லலாம்.

முதலில் புல்லையே எடுத்துக்கொள்வோம். தோட்டக்காரர் கொரியன், மெக்சிகன், பெர்முடா என்று மூன்று சொன்னார். இதில் பெர்முடா என்பது நம்ம அருகம்புல்தான். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற புல், கல்யாண வாழ்த்தில் ஆலமரத்தோடு சேர்த்துச் சொல்கிற புல். நாங்கள் போட்டது கொரியன். அதற்குள் அருகு தானாக முளைக்கும்போதெல்லாம் ஆள் வைத்துப் பிடுங்கினோம். அதாவது, தண்ணி ஊற்றாமலே வரக்கூடிய புல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கிவிட்டு, தண்ணி ஊற்றினால்தான் வரும் புல்லைக் காசு கொடுத்து வளர்த்தோம். ஆகவே புல்தரை அந்நியச் செடி, அதனால் கெட்டது என்ற சுலபமான முடிவுக்கு நான் வரமாட்டேன். புல் நமக்குப் புதுசு கிடையாது. புதுசாக வந்தது, புல்லை வைத்துக்கொண்டு அதை மேய விடாமலும் பூக்க விடாமலும் மிதிக்க விடாமலும் ஒரே உயரத்தில் நிறுத்துகிற பழக்கம்.

அந்தப் பழக்கம் மேற்கு ஐரோப்பாவில் வளர்ந்தது. பிரான்சில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நீளமான ஒரு புல்தரை உண்டு. அதன் பிரெஞ்சுப் பெயருக்குப் பச்சைக் கம்பளம் என்று பொருள். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றி இருந்த கட்டம்போட்ட தோட்டங்களை அழித்து, வீட்டு வாசற்படி வரை புல்சரிவாக மாற்றிக் கொடுத்து லான்சலாட் பிரவுன் என்பவர் பெரிய பேர் வாங்கினார். புல்லை ஆடு மேய்ந்தது, இல்லாவிட்டால் கூலியாட்கள் அரிவாளால் அறுத்தார்கள். 1830-இல் எட்வின் படிங் என்பவர் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு அந்த யோசனை வந்தது துணி ஆலையில், கம்பளித் துணியின் மேல்பிசிறை மழிக்கிற எந்திரத்தைப் பார்த்து. புல்தரை கம்பளம்போல இருக்கிறது என்று சொல்வது அப்போதிருந்து வெறும் உவமை இல்லை.

1899-இல் அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் ஒரு நூலில் இதைக் கிண்டலாக ஆராய்ந்தார். நன்றாக மழித்த புல்தரை அடிப்படையில் ஒரு மேய்ச்சல் நிலம்தான், அதனால்தான் அழகாகத் தெரிகிறது என்றார். ஆனால் அதில் மாட்டை விட்டால் அழகு போய்விடும். மாடு என்றால் சிக்கனம், பால், பிழைப்பு என்று ஞாபகம் வந்துவிடும். இந்த இடத்தில் பயனுக்காக எதுவும் நடக்கத் தேவையில்லை என்று காட்டுவதுதான் அந்த அழகின் பாதி. எங்கள் வாசலில் மிளகாய் ஏன் பொருந்தாமல் போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே 1899-இல்தான் கர்சன் பிரபு இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். நம் நாட்டில் நடந்த மிகப் பிரபலமான முன்பக்கப் புதுப்பிப்பு வேலை அவருடையது: தாஜ் மகால். இன்று காலண்டரிலும் பாடப்புத்தகத்திலும் நாம் பார்ப்பது, நடுவில் நேரான நீர்த்தடம், இரண்டு பக்கமும் பச்சைப் புல், கடைசியில் வெள்ளைக் கட்டடம். ஷாஜகான் போட்டது நாலாகப் பகுத்த சார்பாக் தோட்டம். பழமரமும் பூச்செடியும் நிறைந்தது. 1789-இல் ஆக்ராவுக்கு வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தோட்டத்துக்குள்ளிருந்து வரைந்து 1801-இல் வெளியிட்ட படத்தில் தாஜ் மகால் உயர்ந்த மரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கர்சன் காலத்துச் சீரமைப்பு 1908-இல் முடிந்தபோது தோட்டம் ஆங்கிலப் பாணிப் புல்தரையாக மாறியிருந்தது.

கர்சன் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். பாழடைந்து கிடந்த கட்டடங்களைக் காப்பாற்றினார், 1904-இல் தொல்சின்னங்களுக்குச் சட்டம் கொண்டுவந்தார். ஆனால் தோட்ட விஷயத்தில் அவர் செய்ததும் என் வாட்ஸப் படம் செய்ததும் ஒன்றுதான். மரத்தை எடுத்து, புல்லைப் போட்டு, தூரத்தில் நிற்பவன் முழுசாகப் பார்க்கிற மாதிரி செய்வது. பழைய தோட்டத்தில் மரநிழலில் நடந்துபோகிறவனுக்குக் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்திருக்கும். இப்போது வாசலிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

சரி, அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்குக்கு வருவோம். 900 சதுர அடி என்பது சுமார் 84 சதுர மீட்டர். நம் வெயிலில் புல் நாளொன்றுக்குச் சராசரி 4 மி.மீ. தண்ணீர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இன்னும் கூடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்றால் ஒரு லிட்டர். ஆக, நாளைக்கு 336 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். என் புல்தரை ஆறு ஆட்களின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே ஆள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கள்ளக்குறிச்சியில் லண்டனைவிட அதிகமாக மழை பெய்கிறது. லண்டனில் ஆண்டுக்கு 600 மி.மீ. அளவு, இங்கே ஆயிரத்தை ஒட்டி. ஆனால் அங்கே பன்னிரண்டு மாசமும் தூறிக்கொண்டே இருக்கும், வெயில் குறைவு. இங்கே ஆனியிலிருந்து கார்த்திகைக்குள் பெரும்பகுதி கொட்டிவிட்டு, மாசி வந்தால் தரை வெடிக்கும். அதனால் அங்கே சும்மா வருகிற பச்சையை இங்கே போர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவிலேயே இந்தக் கணக்கு இடிக்கிறது. கிறிஸ்டினா மிலேசி குழுவினர் 2005-இல் செயற்கைக்கோள் தகவல்களை வைத்துப் போட்ட மதிப்பீட்டில், அந்த நாட்டுப் புல்தரைகளின் மொத்தப் பரப்பு சுமார் 1,64,000 சதுர கி.மீ. நம் தமிழ்நாடு மொத்தமே 1,30,000 சதுர கி.மீ. சொச்சம்தான்.

இந்தத் தேடல் நடந்துகொண்டிருந்தபோது, போன தை மாசம் கல்வராயன் மலைக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வெள்ளிமலைப் பக்கம். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயர்தான் அப்படி, கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றேன். முன்னால் சாணி மெழுகின தரை. பாதியில் சாமை காய்கிறது, ஒரு மூலையில் கடுக்காய், இன்னொரு மூலையில் கயிற்றுக்கட்டில். கோழிகள் சாமையைக் கொத்த வருவதும், பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே குச்சியைத் தட்டுவதுமாக இருந்தது. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “குந்துங்க” என்று கட்டிலைக் காட்டினார். முன்பின் தெரியாத ஆள் உட்கார அந்த வாசலில் இடம் இருந்தது.

திரும்பி வரும் வழியில் புறநானூற்றின் 320-ஆவது பாட்டு ஞாபகம் வந்தது. அதிலும் ஒரு வீட்டு முன்பக்கம்தான் காட்சி. முன்னையும் முசுண்டையும் அடர்ந்து, பந்தலே தேவையில்லாத நிழல். அந்த நிழலில் வேட்டுவன் அசந்து தூங்குகிறான். பக்கத்தில் அவன் வளர்க்கும் பெண்மானோடு ஒரு ஆண்மான் விளையாடுகிறது. மான்தோலில் தினை காய்கிறது, காட்டுப் பறவைகள் வந்து அதைத் தின்கின்றன. மனைவி பார்த்துக்கொண்டேயிருக்கிறாள். விரட்டினால் சத்தத்தில் அவன் எழுந்துவிடுவான், மான்களும் பிரிந்துவிடும் என்று சும்மா இருக்கிறாள். இந்த இடத்துக்குப் பாட்டு சொல்கிற பெயர் முன்றில். பள்ளிக்கூடத்தில் இலக்கணப்போலிக்கு உதாரணமாக மனப்பாடம் செய்தோமே, இல்முன் என்பது மாறி முன்றில், அதேதான். தூக்கம், சாப்பாடு, விருந்தாளி, மிருகம் எல்லாம் ஒரே இடத்தில், நிழலோடு. ஒரு முன்பக்கம் எதற்கு என்று கேட்டால் இதைவிட நிறைவான திட்டப்படம் நான் பார்த்ததில்லை.

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை நன்றாக முடியும், ஆனால் முழு உண்மையாக இருக்காது. பழைய வாசலும் புனிதமானது இல்லை. அதைத் தினமும் விடியுமுன் எழுந்து கூட்டினது யார்? எங்கள் வீட்டில் ஆயா, அப்புறம் அம்மா. ஒரு நாள்கூட நானோ அப்பாவோ கூட்டியது கிடையாது. அந்த முழங்கால் வலியில் நாற்பது வருஷத்து வாசலும் இருக்கிறது. இன்னொன்று, எங்கள் பக்கத்து ஊர்களில் யார் வாசலோடு நிற்க வேண்டும், யார் திண்ணை ஏறலாம் என்று சாதி கோடு போட்டு வைத்திருந்ததும் இதே வாசலில்தான். சிறு வயதில் அதைப் பார்த்திருக்கிறேன், அப்போது கேட்கத் தோன்றவில்லை. எல்லாரும் வந்து போன இடம் என்று நான் உருகுகிற வாசலுக்கு எல்லாரும் ஒரே மாதிரி வரவில்லை.

ஆகவே என் புகார் புல்லின் மேலே இல்லை. புல்தரை ஒரு டீஃபால்ட் செட்டிங் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதுதான் சிக்கல். முன்பக்கத்தை மாற்றணும் என்று சொன்னதுமே பச்சை, மழிப்பு, வளைந்த பாதை என்று எல்லாம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டு வருகிறது. இந்த இடத்தை யார், எந்த நேரத்தில், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் கிடையாது. ஆபீசில் ஒரு சாஃப்ட்வேர் செய்தால், பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்காமல் ஒரு பட்டனைக்கூட வைக்கமாட்டோம். என் சொந்த வீட்டில் அம்மாவிடம் நான் கேட்டது ஒரே கேள்வி, “புல்லு போட்டுடலாமா?”

இந்தத் தடவை உட்கார்ந்து கேட்டேன். என் மனசில் வெள்ளிமலை வாசல்தான் ஓடிக்கொண்டிருந்தது. “பழைய மாதிரியே மண்ணு போட்டு, சாணி மெழுகிடலாம்மா” என்றேன்.

“மெழுகறது யாரு? நீ பெங்களூர்ல இருந்து வந்து மெழுகுவியா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா கேட்டது சிமெண்ட் தளம். வழவழவென்று வேண்டாம், வழுக்கும். சொரசொரப்பாக, தண்ணீர் ஓட லேசான சாய்வோடு. திண்ணையிலிருந்து படியே இல்லாமல் இறங்கிப் போக வேண்டும். ஓரத்தில் உட்கார ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நிழலுக்குப் புங்கமரம். நான் கற்பனை செய்த முன்றிலில் இது எதுவுமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் காரணம் இருந்தது. எனக்கு வந்த வாட்ஸப் படத்தில் ஒன்றுக்குக்கூடக் காரணம் இல்லை.

இப்போது 400 சதுர அடி தளம். மீதி 500-இல் புல்லை எடுக்கவில்லை. தண்ணீர் விடுவதை நிறுத்தினோம், அருகைப் பிடுங்குவதையும் நிறுத்தினோம். சித்திரையில் காய்ந்து பழுப்பாகிவிட்டது, தெருவில் ரெண்டு பேர் விசாரித்தார்கள். முதல் மழைக்கு அருகு தானாகப் பச்சைகட்டியது, கொரியன் பெரும்பாலும் போய்விட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கிறதா என்றால், சுமார்தான். தோட்டக்காரர் தன் வேலைக்கு மாதிரி என்று இதைப் படம் எடுத்துப் போடமாட்டார். வேப்பமரம் திரும்பி வராது. புங்கங்கன்று இடுப்புயரம்தான் இருக்கிறது, நிழல் தர இன்னும் சில வருஷம் ஆகும். மரத்தை எடுத்ததுதான் இதில் நான் செய்த பெரிய தப்பு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது தளத்தில் மல்லி காய்ந்துகொண்டிருந்தது. யாருடையது என்று கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. “யாரோ கொட்டிட்டுப் போயிருக்காங்க, சாயங்காலம் வருவாங்க” என்றார்.

முன்பக்கத்தை மாற்றப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். படம் வரையச் சொல்லுமுன் ஒரு தாளில் காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து வரை மணிவாரியாக எழுதுங்கள்: அந்த நேரத்தில் வாசலில் யார், என்ன செய்கிறார்கள். கூட்டுகிறவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பிறகு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டுக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் ஊரில் இந்த இடத்துக்கு வாசல், முற்றம், களம் தவிர வேறு பெயர் புழங்கினால் எனக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த குறிப்புக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.